போர்ட்ஃபோலியோ விமர்சனச் சேவை: ஓவியராக வர நினைப்பவர்களின் கேள்விகளுக்கு எவ்வளவு பதில் கிடைக்கிறது?

புத்தகங்களுக்குப் பக்கம் கட்டுவது என் தொழில். ஓவியர்கள் அனுப்பும் படங்களை வாங்கி, எழுத்தோடு சேர்த்து, அச்சகத்துக்குக் கோப்பு தயார் செய்து கொடுப்பேன். அடுத்தவர் படங்களைப் பக்கத்தில் பொருத்திப் பொருத்தி, நானே வரைய வேண்டும் என்கிற ஆசை வலுத்துவிட்டது. சிறுவர் நூல்களுக்கு ஓவியராக மாறும் எண்ணத்தோடுதான், போர்ட்ஃபோலியோவை, அதாவது வேலை தேட ஓவியர் தொகுத்து வைக்கும் படங்களை, விமர்சித்துத் தரும் இந்த இணையவழிச் சேவையில் சேர்ந்தேன். பெயரைக் குறிப்பிடவில்லை. இதே அமைப்பில் பல சேவைகள் நடக்கின்றன. எதில் சேர்ந்தாலும் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தைப் பற்றிப் பேசும் பகுதி அருமை. தொழிலைப் பற்றிப் பேசும் பகுதி பாதிக் கிணறுதான் தாண்டுகிறது. அச்சு என்று ஒன்று இருப்பதையே இவர்கள் மறந்துவிட்டார்கள்.

நடைமுறை எளிது. நம் படங்களில் 12-ஐத் தேர்ந்தெடுத்து ஏற்ற வேண்டும். கூடவே ஒரு கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். விமர்சகர் ஒவ்வொரு படத்தின் மேலும் கோடு போட்டுக்கொண்டே பேசுகிற வீடியோ ஒன்று வரும். பிறகு நேரில் பேசுவதுபோல ஒரு அழைப்பு. சொன்னதைத் திருத்தி அனுப்பினால் இன்னொரு சுற்று பார்ப்பார்கள். எனக்கு வாய்த்தவர் பதிப்பகங்களில் நீண்ட காலம் ஆர்ட் டைரக்டராக, அதாவது ஓவியர்களைத் தேர்ந்தெடுத்து வேலை வாங்குபவராக இருந்த ஒரு மேடம். அது என் அதிர்ஷ்டம். விமர்சகரை நாமே தேர்வு செய்ய வழியில்லை என்பது இந்தச் சேவையின் முதல் குறை. அட்டைப்படம் வரைய விரும்புகிறவருக்கு வீடியோ கேம் நிறுவனத்தில் இருந்தவர் வாய்த்தால் பாதி அறிவுரை பயன்படாமல் போகும்.

கேள்வித்தாளில் இருந்த ஒரு கேள்விக்காகவே இந்தச் சேவையைப் பரிந்துரைக்கலாம்: ‘இந்தப் படத்தை யார், எதற்காகக் காசு கொடுத்து வாங்குவார்?’ ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக இதற்குப் பதில் எழுதச் சொல்கிறார்கள். எழுத உட்கார்ந்தால்தான் தெரியும், எத்தனை படங்களுக்கு நம்மிடம் பதில் இல்லை என்று. ஓவியத் தொழில் என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே பல தொழில்கள் இருக்கின்றன. பத்திரிகைக்கு வரைகிறவரிடம் கட்டுரையின் கருத்தை ஒரே படத்தில் பிடிக்கும் திறனும், ஓரிரு நாளில் முடித்துக் கொடுக்கும் வேகமும் வேண்டும். அட்டைப்படம் கைப்பேசித் திரையில் நகத்தளவு சுருங்கினாலும் என்னவென்று புரிய வேண்டும். சிறுவர் நூலில் ஒரே பாத்திரம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அதே ஆளாகத் தெரிய வேண்டும். திரைப்படத்துக்கும் வீடியோ கேமுக்கும் கான்செப்ட் ஆர்ட் (பாத்திரமும் இடமும் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே காட்டும் படம்) வரைகிறவரின் படங்களில் பெரும்பாலானவை மக்கள் கண்ணில் படுவதே இல்லை. அடுத்து வேலை செய்யப்போகிற குழுவுக்கான வழிகாட்டி அவை. ‘நன்றாக வரைகிறேன், வேலை ஏன் வரவில்லை’ என்று கேட்கும் பலருடைய போர்ட்ஃபோலியோவில் இந்த நாலும் கலந்துகட்டிக் கிடக்கும். பார்க்கிறவருக்கு இவரை எதற்குக் கூப்பிடுவது என்றே புரியாது.

இனி வீடியோ. ஒரே ஒரு படத்தை அவர் எப்படிப் பார்த்தார் என்று விரிவாகச் சொல்கிறேன்.

மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு சிறுமி மழையைப் பார்க்கிறாள். ஓரத்தில் ஒழுகும் இடத்தில் ஒரு வாளி. இதுதான் படம். மேடம் முதலில் வண்ணத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்கினார். அவ்வளவுதான், எனக்கே புரிந்துவிட்டது. சிறுமியின் முகமும் பின்னால் இருக்கும் சுவரும் ஒரே சாம்பல் நிறம். படத்திலேயே வெளிச்சமான இடம் வாளியின் விளிம்பு. “உங்க கதையில யார் நாயகி? இந்தப் பொண்ணா, வாளியா?” என்று கேட்டார். வண்ணத்தில் பார்க்கும்போது முகம் இளஞ்சிவப்பு, சுவர் பச்சை என்று பிரிந்து தெரிந்ததால் கண் ஏமாந்திருக்கிறது. நிறம் வேறாக இருந்தாலும் அடர்த்தி ஒன்றாக இருந்தால் உருவம் பின்னணியில் கரைந்துவிடும். அவர் ஒரு கோட்டைக்கூட மாற்றவில்லை. முகத்துக்குப் பின்னால் இருக்கும் சுவரை மட்டும் இரண்டு படி இருட்டாக்கினார், வாளியின் வெளிச்சத்தைக் குறைத்தார். பார்வை நேராக முகத்துக்குப் போனது.

அடுத்த கேள்வி: “எழுத்து எங்க உட்காரும்?” பக்கம் கட்டுகிறவனுக்குத் தினமும் வருகிற தலைவலி இது. எழுத்துக்கு இடமே விடாமல் மூலை முடுக்கெல்லாம் இலையும் பூவுமாக நிரப்பிய படங்களை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் போராடியிருக்கிறேன். படம் வரைகிற இடத்தில் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்கும்போது விடை வேறு மாதிரி வருகிறது. எழுத்துக்காக ஒரு வெள்ளைக் கட்டம் விடுவது சோம்பேறி வழி. படிக்கட்டின் பக்கச் சுவரை அமைதியாக, ஒரே அடர்த்தியில் விட்டால் படத்துக்கு மூச்சும் கிடைக்கும், எழுத்துக்கு இடமும் கிடைக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பெரியது. “இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? அடுத்து என்ன நடக்கப்போவுது?” அழகான படத்துக்கும் கதை சொல்லும் படத்துக்கும் உள்ள இடைவெளி இந்தக் கேள்வியில் இருக்கிறது. சிறுமி சும்மா உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு ஏதாவது வேண்டுமா, யாருக்காவது காத்திருக்கிறாளா என்று படத்தில் ஒன்றும் இல்லை. மேடம் பேசிக்கொண்டே தபால்தலை அளவில் மூன்று கட்டம் போட்டார். ஒன்றில் அவள் ஒரு காலில் மட்டும் செருப்பு மாட்டியிருக்கிறாள். இன்னொன்றில் கதவு பாதி திறந்திருக்கிறது. மூன்றாவதில் படிக்கட்டில் இரண்டு குடை, ஆள் ஒருத்தி. மூன்றுமே கிறுக்கல்தான், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு கதை எட்டிப் பார்த்தது. இப்படிச் சின்னச் சின்னதாகத் தம்ப்நெயில் போடுவதைப் பலர் வீண்வேலை என்று தாண்டிவிடுகிறார்கள். நாள் கணக்கில் நேரம் எடுக்கிற முடிவுகளைச் சில நிமிடத்தில் தூக்கிப்போட்டு வேறு யோசிக்க அதைவிட மலிவான வழி கிடையாது.

‘எனக்கென்று ஒரு பாணி எப்போது வரும்’ என்பது புதிதாக வருகிற எல்லாரும் கேட்பது, நானும் கேட்டேன். மேடம் பதில் சொல்லாமல் என் 12 படங்களிலிருந்தும் கைகளை மட்டும் வெட்டி ஒரே பக்கத்தில் அடுக்கிக் காட்டினார். எல்லாக் கைகளிலும் விரல்கள் சேர்ந்தே இருந்தன, கட்டைவிரல் மட்டும் தனி. அதேபோல மரங்களை அடுக்கினார். எல்லாமே கீழிருந்து அண்ணாந்து பார்த்தவை. யாரும் சொல்லித்தராமல் நானே திரும்பத் திரும்ப எடுத்த முடிவுகள். இதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தெரிந்து தேர்ந்தெடுப்பதுதான் உங்கள் வேலை என்றார். இன்னொன்றும் சொன்னார்: பிரபல ஓவியர் ஒருவரைப்போலவே வரைந்து பழகினால், அந்த மாதிரிப் படம் தேவைப்படும்போது ஆர்ட் டைரக்டர் முதலில் கூப்பிடுவது அந்தப் பிரபல ஓவியரைத்தான். பதிப்புரிமைச் சட்டம் பாணியைப் பாதுகாப்பதில்லை, வரைந்து முடித்த படத்தைத்தான் பாதுகாக்கிறது. அதனால் சாயலில் வரைவது குற்றமாகாது. ஆனால் தொழிலுக்கு அது உதவாது.

உடற்கூறு எவ்வளவு படிக்க வேண்டும் என்று கேட்டதற்கு, தசைகளின் பெயர்களைவிட எடை முக்கியம் என்றார். கனமான பெட்டியைத் தூக்குகிற குழந்தையின் முதுகு எப்படி வளையும், முகத்தைக் காட்டாமல் அழுகையை எப்படிக் காட்டுவது, ஒருவர் பார்வை எங்கே போகிறது என்பதெல்லாம் பயிற்சியாக வந்தன. ஒரே சிறுமியை ஏற, இறங்க, குனிய, ஒளிந்துகொள்ள, தூங்க வரையச் சொன்னார். தலைக்கும் உடம்புக்கும் உள்ள விகிதம் பக்கத்துக்குப் பக்கம் மாறுவது உடனே வெளிப்பட்டுவிடும். மாதிரிக்கு இணையத்தில் கிடைக்கும் புகைப்படத்தை அப்படியே நகலெடுக்கக் கூடாது, அந்தப் புகைப்படத்துக்கும் ஒரு உரிமையாளர் இருக்கிறார், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்பதை அழுத்திச் சொன்னார். நல்ல அறிவுரை.

கருவிகளைப் பற்றி இந்தச் சேவை அதிகம் பேசவில்லை. அது சரிதான் என்பேன். வரையும் மென்பொருள்களில் கிரிட்டா இலவசம், திறந்த மூல மென்பொருள். புரோகிரியேட் ஐபேடில் மட்டும் ஓடும், ஒருமுறை வாங்கினால் போதும். ஃபோட்டோஷாப்புக்குச் சந்தா கட்ட வேண்டும். மூன்றிலும் புத்தகம் வரையலாம். தாளில் வாட்டர்கலரில் வரைந்து ஸ்கேன் செய்தும் அனுப்பலாம். கணினியோடு இணைத்து வரையும், திரையில்லாத சாதாரண டேப்லெட்டில் கை பழகச் சில வாரங்கள் ஆகும், அவ்வளவுதான்.

எத்தனை படம் வைப்பது என்பதற்கும் தெளிவான பதில் வந்தது. 12 முதல் 20 வரை போதும். பலவீனமான படம் ஒன்று இருந்தால் பார்க்கிறவர் உங்களை அந்தப் படத்தை வைத்தே எடைபோடுவார். சிறுவர் நூலுக்கு என்றால் ஒரே கதையிலிருந்து தொடர்ச்சியாக மூன்று நான்கு படங்கள் கட்டாயம். கதைக்கு எழுத்தாளரைத் தேட வேண்டியதில்லை. பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய கதை ஒன்றை எடுத்துக்கொண்டாலே போதும். பெரிய பதிப்பகங்கள் பொதுவாக எழுத்தாளருக்கு ஓவியரைத் தாங்களே தேடிச் சேர்க்கின்றன. பட்டம் இருக்கிறதா என்று போர்ட்ஃபோலியோ பார்க்கிறவர்கள் கேட்பதில்லை என்றும் சொன்னார். என் அனுபவமும் அதுவே. எங்கள் மேசைக்கு வந்த படங்களோடு ஒருவருடைய சான்றிதழும் வந்ததில்லை.

இப்போது அச்சு. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் இது. சிறுவர் நூல் ஓவியராக ஆசைப்படுகிறவரிடம் இவ்வளவு நேரம் பேசிவிட்டு, அந்தப் படம் தாளில் எப்படி ஏறும் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் விடுவது பெரிய அநியாயம். சேவை விட்டதை நானே இங்கே சொல்லிவிடுகிறேன்.

படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளில் பல பக்கங்களை அச்சிட்டு மடிப்பதால் பக்க எண்ணிக்கை எட்டின் மடங்காக, பதினாறின் மடங்காக வருகிறது. தலைப்புப் பக்கம், பதிப்பு விவரப் பக்கம் எல்லாம் போக, கதைக்குக் கிடைப்பது 12 முதல் 14 விரிபக்கங்கள் (எதிரெதிரே விரியும் இரண்டு பக்கம் சேர்ந்தது ஒரு விரிபக்கம்). முதலில் இந்த எண்ணிக்கைக்குள் கதையைப் பிரித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்த படத்தில் நடுவே மடிப்பு வரும். பாத்திரத்தின் கண்ணோ மூக்கோ அந்த மடிப்பில் மாட்டினால் புத்தகம் தைத்த பிறகு காணாமல் போகும். எத்தனை நல்ல படங்கள் இப்படி மூக்கை இழந்திருக்கின்றன!

படத்தின் ஓரங்களில் வெட்டுக் கோட்டைத் தாண்டிக் குறைந்தது 3 மி.மீ. கூடுதலாக வரைய வேண்டும். கத்தி இம்மி விலகினாலும் வெள்ளைக் கீற்று தெரியாமல் இருக்க இதுதான் காப்பு. அச்சாகும் அளவில் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். ஏ4 தாளுக்கு அது 2480 × 3508 பிக்சல். சின்னதாக வரைந்துவிட்டுப் பிறகு பெரிதாக்கினால் கோடு மங்கித்தான் வரும். திரை ஆர்ஜிபியில் (சிவப்பு, பச்சை, நீல ஒளி) ஒளிர்கிறது, தாள் சிஎம்ஒய்கே மையில் (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) அச்சாகிறது. பளீரென்ற நீலமும் பச்சையும் தாளில் மந்தமாகிவிடும். மையில் அந்த நிறங்களே கிடையாது. புரோகிரியேட்டில் வரைகிறவர்கள் கவனிக்க வேண்டும்: ஆர்ஜிபியில் தொடங்கிய கேன்வாஸை நடுவில் சிஎம்ஒய்கேவாக மாற்ற முடியாது, தொடங்கும்போதே முடிவெடுக்க வேண்டும். எழுத்தைப் படத்தோடு சேர்த்து ஒரே லேயரில் (கோப்பின் அடுக்கில்) வரைந்துவிடாதீர்கள். புத்தகம் வேறு மொழிகளில் போகும்போது ஒவ்வொரு மைக்கும் உள்ள அச்சுத் தகடுகளில், எழுத்து இருக்கும் கறுப்பு மைத் தகட்டை மட்டும் மாற்றி, வண்ணத் தகடுகளை அப்படியே வைத்து அச்சிடுவார்கள். எழுத்து படத்துக்குள் கரைந்திருந்தால் அந்த வாய்ப்பே அடைபடும். கடை பலகையில் எழுதிய பெயரைக்கூடத் தனி லேயரில் வையுங்கள்.

தொழில் பகுதிக்கு வருகிறேன். ஒப்பந்தம் பற்றி மேடம் பேசியதெல்லாம் சரியானவை. ஆனால் அழைப்பின் கடைசிச் சில நிமிடங்களில் அவசரமாகப் பேசினார். உரிமையைக் கொடுப்பதில் இரண்டு வகை இருக்கிறது. படத்தை இன்ன நூலில், இன்ன மொழியில், இத்தனை ஆண்டுகள் பயன்படுத்தலாம் என்று அனுமதி தருவது ஒன்று. பதிப்புரிமையையே எழுதிக் கொடுத்துவிடுவது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே தொகை பேசுவது அறிவீனம். 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கை என்ற பன்னாட்டுப் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில் படம் வரைந்தவுடனேயே பதிப்புரிமை வரைந்தவருக்கு வந்துவிடுகிறது, பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆகவே நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்வரை அது உங்களுடையது. வேலைக்கு அமர்த்தி வரையச் சொன்னால் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அந்த ஒப்பந்தத்தை இரண்டு முறை படியுங்கள்.

அட்வான்ஸ் என்பது ராயல்டியின், அதாவது விற்பனையில் வரும் பங்கின் முன்பணம். புத்தகம் விற்று அந்தத் தொகை கழிந்த பிறகுதான் அடுத்த ராயல்டி வரும். படப்புத்தகத்தில் ராயல்டியை எழுத்தாளரும் ஓவியரும் பகிர்ந்துகொள்வது வழக்கம். எத்தனை சுற்றுத் திருத்தம், ரஃப் (முதல்கட்டக் கோட்டுப்படம்) முடிந்த பிறகு வேலை நின்றுபோனால் எவ்வளவு தருவார்கள், அசல் ஓவியம் யாரிடம் இருக்கும், படத்தைச் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுக்கப் பயன்படுத்தலாமா கூடாதா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். திருத்தச் சுற்றுக்கு வரம்பு எழுதாத வேலையில் ஓவியர்கள் படும் பாட்டைப் பக்கம் கட்டுகிற இடத்திலிருந்து பார்த்துப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். வண்ணம் தீட்டி முடித்த படத்தில் “பையனுக்குப் பதிலா நாய் போடலாமே” என்று கேட்பார்கள். ரஃப் கட்டத்திலேயே ஒப்புதலை மின்னஞ்சலில் வாங்கிவிட்டால் இந்தச் சண்டைக்கு இடமில்லை. இவ்வளவையும் ஒரு தனி அமர்வாக வைத்திருக்க வேண்டாமா? சேருகிறவர்களில் பலர் முதல் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பவர்கள்.

ஓவியர் சார்பில் வேலை தேடிப் பேரம் பேசும் ஏஜென்ட் வேண்டுமா என்பதற்கு ‘தொடக்கத்தில் அவசியமில்லை’ என்றார். ஏஜென்ட் வரும் தொகையில் கால் பங்கு முதல் 30 சதவீதம்வரை எடுப்பது வழக்கம். பேரம் பேசவும் கதவு திறக்கவும் அந்தப் பங்கு தகும். ஆனால் போர்ட்ஃபோலியோ தயாராகாதபோது ஏஜென்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. வேலை தேட அவர் சொன்ன வழி நேரானது: நீங்கள் விரும்பும் மாதிரிப் புத்தகங்களின் பதிப்பு விவரப் பக்கத்தைப் பாருங்கள். பல நூல்களில் வடிவமைப்பாளர் பெயர் இருக்கும். அவருக்கு மூன்று படமும் ஒரு இணைப்பும் போட்டுச் சுருக்கமாக எழுதுங்கள், புதுப் படம் வந்ததும் சில மாதம் கழித்து மறுபடி எழுதுங்கள். இத்தாலியின் பொலோன்யாவில் 1964 முதல் நடக்கும் சிறுவர் நூல் கண்காட்சியைப் பற்றியும் சொன்னார். 1967 முதல் அங்கே ஓவியர்களுக்கென்றே தனிக் கண்காட்சி உண்டு, ஐந்து படங்கள் அனுப்பலாம். தேர்வாகாவிட்டாலும் ஐந்தையும் ஒரே தொடராக வரைய வேண்டிய கட்டாயம் நல்லது என்றார். நானும் அதற்காக வரைந்துகொண்டிருக்கிறேன்.

சேவையின் நடைமுறையில் இரண்டு குறைகள். வீடியோ சொன்ன தேதியைத் தாண்டித்தான் வந்தது, நடுவில் தகவலும் இல்லை. இரண்டாம் சுற்றில் பேச்சு கிடையாது, எழுத்துக் குறிப்புகள் மட்டும். முதல் சுற்றில் இருந்த ஆழம் அதில் இல்லை. ஆனாலும் மாடிப்படிப் படத்துக்கு வந்த குறிப்பு எனக்குப் பயன்பட்டது: ‘இப்போது முகம் தெரிகிறது. அடுத்து அவள் என்ன செய்வாள் என்று அறிய ஆவலாக இருக்கிறது. இடது ஓரத்தில் இருக்கும் மூன்று தொட்டிகளில் இரண்டை எடுத்துவிடுங்கள்.’

இன்னும் வரையவே தொடங்காதவர், சேர்ந்த பிறகு வரைந்துகொள்ளலாம் என்று நினைப்பவர் இதில் சேர வேண்டாம், காசு வீணாகும். முடித்த படங்கள் ஓரளவு கையில் இருந்து, ஏன் வேலை வரவில்லை என்று புரியாதவருக்குத் தயங்காமல் சொல்வேன், சேருங்கள். விமர்சகர் எந்தத் துறையில் இருந்தவர் என்று சேரும் முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். ஒப்பந்தக் கேள்விகளை எழுதி முன்கூட்டியே அனுப்பி, அழைப்பின் தொடக்கத்திலேயே அவற்றை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீடியோ வந்த அன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கின் காலம் முடிந்ததும் அது திறப்பதில்லை.